நோயாளிகள் வராத கிளினிக்

கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் ரவிக்கை தைத்துப் பிழைத்துவந்த தங்கமணிக்கு, நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய இரண்டாம் வாரத்தில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. தொற்றுக் காலம் முடியும்வரை நோயாளிகள் யாரும் கிளினிக்குக்கு நேரில் வரக்கூடாது என்றும், நேரில் வராமலே மருந்து பெற விரும்புகிறவர்கள் அதற்கான படிவத்தை மூன்றாம் எண் சேவை முகப்புக்கு நேரில் வந்து கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அடியில், முகக்கவசம் மாட்டிய ஒரு சூரியகாந்திப் பூவின் படம். பக்கத்தில், உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று ஒரு வரி.

தங்கமணி பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை படித்தவள். ஆனால் இந்தப் படிவம் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினாள். நான்கு வாரத்துக்கு இருந்தது.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. கணவன் ராஜன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனான். எதனால் இறந்தான் என்று தெரிந்த பிறகு அவளுக்கும் இரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு வேளை மாத்திரை. விடாமல் சாப்பிட்டு வந்ததில் இப்போது சோதனையில் கிருமி கண்ணில் படுவதே இல்லை. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எதுவும் இல்லாமல் அந்த மாடியில் நடமாடிய ஒரே நடுவயது ஆள் அவள்தான். மருந்தை நிறுத்தினால் மட்டும் கதை மாறிவிடும். அதைக் கிளினிக்கில் முதல் நாளே அவள் மண்டையில் ஏற்றிவிட்டார்கள்.

கிள்ளானிலேயே வைத்தியம் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அங்கே மருத்துவமனையின் எந்த நடைபாதையில் திரும்பினாலும் அவள் தைத்த ரவிக்கை போட்ட ஒருத்தி எதிரே வருவாள். அதனால் கோலாலம்பூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய மருத்துவமனையைத் தேர்ந்துகொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போய் இறங்கி, பேருக்கு நாலு மீட்டர் லைனிங் துணி வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வேறு ரயில் பிடித்துக் கிளினிக்குக்குப் போவாள். நல்ல லைனிங் துணி பிரிக்பீல்ட்ஸில்தான் கிடைக்கும் என்று குடியிருப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் வீட்டில் சேர்ந்துபோன லைனிங் துணியை வைத்துக் கிள்ளான் முழுவதற்கும் ரவிக்கை தைக்கலாம்.

இப்போது பத்துக் கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக்கூடாது. ரயிலில் ஏறினால் கேள்வி. பக்கத்து மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளலாமா என்று கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டாள். கோப்பை மாற்றிக்கொண்டால் தாராளமாக வாங்கலாம், மாற்றுவதற்கு நேரில் வரவேண்டும் என்றது பதில்.

இவ்வளவும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடக்கவில்லை. மருத்துவமனையில் டத்தோ பட்டம் வாங்கிய டாக்டர் திருச்செல்வம் என்று ஒரு துணை இயக்குநர் இருந்தார். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். நோயாளிகளுக்கு மருந்து தடைபடக்கூடாதே என்று கவலைப்பட்டு, கட்டுப்பாடு தொடங்கிய மூன்றாம் நாளே ஒரு குழு அமைத்துவிட்டார். புதிய இயல்பில் மருந்து கையளிப்புக்கான உயர்நிலைச் சிறப்புப் பணிக்குழு என்பது அதன் பெயர். முதல் கூட்டம் முழுவதும் இந்தப் பெயரிலேயே போயிற்று. இரண்டாம் கூட்டத்தில் சூரியகாந்திப் பூவுக்கு முகக்கவசம் மாட்டினார்கள். மூன்றாம் கூட்டத்தில்தான் விஷயத்துக்கு வந்தார்கள். இந்த நோயாளிகளுக்கு உயிரைவிட இரகசியம் பெரிது என்று டத்தோ உருக்கமாகப் பேசினார். இரகசியத்தைக் காக்க ஒன்பது விதிகள் எழுதப்பட்டன. மருந்தைக் கொண்டு சேர்ப்பதற்கு விதி எழுத நேரம் போதாததால் அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு வாரம் கழித்துத் தங்கமணியின் கைப்பேசி ஒலித்தது. எண் இல்லாத அழைப்பு. பேசியவர் மார்க், மருந்தகத்தின் தொடர்பு அதிகாரி. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் விதிப்படி, நோயாளியின் அடையாளம் உறுதியாகும்வரை அழைப்பவர் தன் அலுவலகத்தையோ, அழைத்த காரணத்தையோ, எதிர்முனையில் இருப்பவர் பெயரையோ சொல்லக்கூடாது.

"வணக்கம் ஆன்டி. உங்க ஐ.சி. நம்பர் சொல்லுங்க," என்றார் மார்க்.

"நீங்க யாரு?"

"அது சொல்ல முடியாது ஆன்டி."

"எங்கேருந்து பேசறீங்க?"

"அதுவும் சொல்ல முடியாது. ஆனா உங்க நன்மைக்குத்தான் லா."

நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர், தன் நன்மைக்காகப் பேசிய ஒரு குரலை நம்பிச் சேமிப்பை எல்லாம் பறிகொடுத்து இன்னும் மாதம் முடியவில்லை. தங்கமணி போனை வைத்துவிட்டாள். மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாள் வைக்கப் போகும்போதுதான் மார்க்கின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. எண் நான்காயிரத்துப் பதினேழு, முகப்பு மூன்று என்று ஒரு இயந்திரப் பெண்குரல் மலாயில் அழைத்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவள் அவள். நோயாளிகளை வராதே என்று சொல்லக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது. எண் கூப்பிடும் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு இருந்தது. அதனால் அது காலிக் கூடத்தில் தன்பாட்டுக்கு எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கமணி தன் அடையாள அட்டையின் ஐ.சி. எண்ணைச் சொன்னாள். முந்தைய இரண்டு நாளும் அவள் கோப்பில் ஒத்துழைக்க மறுக்கிறார் என்று ஏறியிருந்தது. மார்க் அதை அழிக்க முடியாது என்று வருத்தத்தோடு தெரிவித்துவிட்டு, இன்று ஒத்துழைத்தார் என்று கீழே சேர்த்துக்கொண்டார்.

மருந்து வாங்க இரண்டு வழிகள் திறக்கப்பட்டிருந்தன. ஒன்று, காரை விட்டு இறங்காமலே வாசலில் வாங்கிக்கொண்டு போவது. தன்னிடம் கார் இல்லை, நடந்து வந்து அதே வாசலில் வாங்கிக்கொள்ளலாமா என்று தங்கமணி கேட்டாள். மார்க் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். நடந்து வருகிறவர் கண்ணாடியை இறக்க முடியாது, கண்ணாடியை இறக்காமல் மருந்து தர விதியில் இடமில்லை என்றார். வாடகைக் கார் ஏதாவது பிடித்து வந்தால் போதும், வழியில் போலீஸ் தடுத்தால் காட்டக் கடிதம் அனுப்புகிறோம் என்றும் சொன்னார்.

கடிதம் வந்தது. இரண்டாம் விதிப்படி அதில் நோய், மருந்து, மருத்துவமனை, பெயர் நான்கும் இடம்பெறக்கூடாது. மேலே முத்திரை இருந்த இடத்தை வெள்ளை மையால் மறைத்திருந்தார்கள். இக்கடிதத்தைக் கொண்டிருப்பவர் ஒரு காரணத்திற்காக ஓர் இடத்திற்குச் சென்று திரும்புகிறார், அவருக்கு ஆவன செய்ய வேண்டுகிறோம் என்று மலாயில் ஒரே வாக்கியம். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் சூரியகாந்திப் பூ.

தங்கமணி அதை நம்பித்தான் புறப்பட்டாள். கூட்டரசு நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் வெயிலில் வியர்த்துக்கொண்டு கடிதத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார். மருத்துவமனை என்றாள். என்ன காரணம் என்றார். மருந்து என்றாள். என்ன மருந்து என்றார். வாடகைக் கார் ஓட்டுநர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிள்ளான்காரர்; அவருடைய மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் அவள். தங்கமணி வாயை மூடிக்கொண்டாள். போலீஸ்காரர் கோபப்படவில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதனால்தான் யாரையும் விட முடியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிக் காரைத் திருப்பிவிட்டார்.

மீதி இருந்த வழி, வீட்டுக்கே அனுப்புவது. குழு மிகவும் பெருமைப்பட்ட திட்டம் அது. ஐந்து கூட்டங்கள் அதற்காகவே நடந்தன. பொட்டலத்தின் மேல் நோயாளியின் பெயரை எழுதினால் இரகசியம் போய்விடும் என்பதால் முதலெழுத்துகள் மட்டும். மாடியையும் வீட்டு எண்ணையும் எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் கட்டடத்தின் பெயர் மட்டும். உள்ளே இருப்பது இரகசியம் என்பது வழியில் யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று, நாலு பக்கமும் சிவப்பில் சூலிட் என்று அச்சடித்தார்கள். இரகசியம் என்பதற்கு அரசாங்கக் கோப்புகளில் போடும் மலாய்ச் சொல் அது. ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். கொண்டு வருகிறவர் தொற்றுக்கு ஆளாகாதபடி உச்சி முதல் பாதம்வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை.

தங்கமணியின் அப்பா பெயர் பாலகிருஷ்ணன். ஆக அவளுடைய முதலெழுத்துகள் டி.பி.

காலை பதினொரு மணிக்கு அந்த வெள்ளை உடை மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு மாதமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த பதினேழு மாடி ஜனங்களும் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். அவர் ஜாகாவிடம் பெட்டியைக் காட்டினார். வாசல் காவலுக்கு இருந்த அந்த ஜாகா நேப்பாளத்துக்காரர், பொறுப்பானவர். வீட்டு எண் இல்லாததைப் பார்த்து ஒலிபெருக்கியை எடுத்தார். டி.பி., டி.பி., இரகசியப் பெட்டி வந்திருக்கிறது, டி.பி. உள்ளவர் கீழே வரவும் என்று மலாயில் மூன்று முறை கூப்பிட்டார்.

கட்டடம் முழுக்கச் சன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. கொரோனா போதாதென்று காசநோய் வேறா என்று ஏழாம் மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த நிமிடமே அறிவிப்பு வந்தது. எழுதியது சங்கச் செயலாளர் எவலின். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மெதடிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் மூத்த குரல், ஒன்பது வருஷமாகத் தங்கமணியின் எதிர்வீடு. நமது கட்டடத்தில் டி.பி. உள்ளவர் தயவுசெய்து தாமாக முன்வந்து தெரிவிக்கவும், யாரும் பழிக்க மாட்டோம், லிஃப்டை மட்டும் பயன்படுத்த வேண்டாம் என்று அதில் இருந்தது.

தங்கமணி திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று மாத மருந்து அங்கே மோட்டார் சைக்கிள் இருக்கையின்மேல் இருந்தது. படியிறங்கிப் போனால் ஐந்து நிமிடம். இரண்டு தடவை செருப்பை மாட்டினாள், இரண்டு தடவையும் கழற்றினாள். நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு வெள்ளை உடை மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பெறுநர் இல்லை என்று கோப்பில் ஏறியது.

மறுநாள் அவளே கிளினிக்குக்குப் போன் போட்டு மார்க்கைப் பிடித்தாள். பெட்டி பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னார். அப்படியானால் மறுபடி அனுப்பக் கூடாதா, இந்த முறை வீட்டு எண்ணை எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை என்றாள்.

"இப்ப முடியாது ஆன்டி. வெளிய போய்ட்டு வந்த பார்சல் எல்லாம் பதினாலு நாளு குவாரண்டீன்."

"எனக்கு ஆறு நாளைக்குத்தான் தம்பி மருந்து இருக்கு."

மார்க்கும் சின்ன வயதுப் பிள்ளைதான். அவருக்கும் இது சரியாகப் படவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் எழுப்புகிறேன் என்றார். அடுத்த கூட்டம் எட்டு நாள் கழித்து.

இந்தக் களேபரத்துக்கு நடுவே தங்கமணியின் தையல் இயந்திரம் மட்டும் ஓயவே இல்லை. கல்யாணங்கள் நின்றுபோய் ரவிக்கை தைக்க ஆளில்லாத சமயத்தில், எவலின் தேவாலயத்தின் வழியாக நீலத் துணிக்கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். மருத்துவமனைகளில் பாதுகாப்பு அங்கிகளுக்குத் தட்டுப்பாடு. வீட்டில் இயந்திரம் வைத்திருப்பவர்கள் தைத்துக் கொடுத்தால் புண்ணியம் என்றார். மூன்று வாரத்தில் தங்கமணி முன்னூறு அங்கி தைத்து முடித்தாள். கிள்ளானிலேயே அதிகம் தைத்தவள் அவள்தான் என்பதால் ஒப்படைக்க அவளும் கூட வரவேண்டும் என்று எவலின் பிடிவாதம் பிடித்தார். எந்த மருத்துவமனை என்று கேட்டாள். எவலின் சொன்னது தங்கமணியின் கிளினிக் இருக்கும் அதே மருத்துவமனையை. தங்கமணி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

அந்தப் பயணத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. பொன்னிற முத்திரையோடு, தங்கமணி த/பெ பாலகிருஷ்ணன், ஐ.சி. எண், வீட்டு எண், கைப்பேசி எண், செல்லுமிடம், செல்லும் காரணம் எல்லாம் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தன. தேவாலய வேனை எவலினே ஓட்டினார். தடுப்பில் அதே இளம் போலீஸ்காரர். கடிதத்தைப் படித்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்து, பக்கத்து வரிசைக் கார்களை நிறுத்தி வேனுக்கு வழிவிட்டார். தங்கமணியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மருத்துவமனையில் நடந்தது விழா அல்ல. விழாக்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. ஆகவே அதற்குப் பொருள் கையளிப்புச் செயல்முறை என்று பெயர் வைத்து, பதாகை கட்டி, பூங்கொத்து வைத்து, குத்துவிளக்குக்குப் பதில் கைகழுவும் திரவத்தை ஒரு வெள்ளித் தட்டில் வைத்திருந்தார்கள். ஐம்பது பேர் கூடக்கூடாது என்பதால் நாற்பத்தொன்பது நாற்காலிகள். கூடத்துக்கு இடப்பக்கம் திரும்பினால் கிளினிக். தங்கமணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும். காவலாளி குறுக்கே கையை நீட்டினார். தன்னார்வலர்கள் வலப்பக்கம் என்றார். நோயாளிகள் எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதற்கு, நோயாளிகளுக்குப் பக்கம் கிடையாது என்றார்.

வலப்பக்கம் சிஸ்டர் உர்சுலா நின்றிருந்தார். பன்னிரண்டு வருஷமாகக் கிளினிக்கில் அவளுக்கு இரத்தம் எடுத்தவர். முதல் நாள் அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக் கொடுத்தவர். கிளினிக்குக்கு வெளியே நோயாளியைப் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டக்கூடாது என்பது ஐந்தாம் விதி. சிஸ்டர் ஓர் அங்கியை எடுத்துப் பிரித்தார். தையல் நன்றாக வந்திருக்கிறது என்று உரக்கப் பாராட்டினார். பிறகு துணியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தன நாளைக்கு இருக்கு?"

"ரெண்டு."

"பார்சல் எல்லாம் மேல ஒரு ரூம்ல பூட்டியிருக்கு. சாவி டத்தோகிட்ட. கேட்டா, மீட்டிங்ல வைங்கன்றாரு. உங்களையும் சேத்து கிள்ளான் பக்கம் மட்டும் பதினொரு பேரு."

அதற்குள் டத்தோ வந்துவிட்டார். அங்கிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு, இந்த வேளையில் இன்னொரு மகிழ்ச்சியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று திரையில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினார். கோடு மேலிருந்து கீழே சறுக்கித் தரையைத் தொட்டிருந்தது.

"மார்ச்சுக்கு முன்னாடி நம்ம கிளினிக்குக்கு ஒரு நாளைக்கு நூத்தி இருபது பேஷன்ட் வந்தாங்க. இன்னைக்கு சைபர். இது உலகத் தரம்," என்றார் டத்தோ. குரல் தழுதழுத்தது. "இந்த ஒரு மாசத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் கூட இல்ல. கம்ப்ளெய்ன்ட் பாரம் மூணாம் நம்பர் கவுண்டர்ல எப்பவும் இருக்கு, யாரும் வந்து எடுக்கல. இரகசியத்த எந்த அளவுக்குக் காப்பாத்தியிருக்கோம்னா, எந்த மருந்து யாருக்குப் போய்ச் சேந்துச்சுன்னு எங்களுக்கே தெரியாது."

எல்லாரும் கைதட்டினார்கள். அதிக அங்கி தைத்தவர் என்று தங்கமணியை மேடைக்குக் கூப்பிட்டு, சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்து, ஒலிவாங்கியையும் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல் வரிசையில் எவலின் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் குழுவில் போட வேண்டாமா?

நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிடத்தான் அவள் நினைத்தாள். சான்றிதழ் கனமாக இருந்தது. நாளை மறுநாள் டப்பா காலி. அவள் எவலினைப் பார்த்தாள்.

"எவலின் அக்கா, அத கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். எவலின் புரியாமல் கைப்பேசியை இறக்கினார்.

"டத்தோ, நான் உங்க பேஷன்டுதான். பன்னெண்டு வருஷமா இந்தப் பக்கத்து கிளினிக்குக்கு வரேன். எனக்கு எச்.ஐ.வி. ரெண்டு நாளைக்குத்தான் மருந்து இருக்கு. என் மருந்து மேல உங்க ரூம்ல குவாரண்டீன்ல இருக்குன்றாங்க. அந்தப் பொட்டிக்கு ஒண்ணும் இல்ல டத்தோ. தொறந்து குடுத்துடுங்க. என்னோடது மட்டும் இல்ல, இன்னும் பத்து பேரோடது இருக்கு."

டத்தோவின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துபோயிற்று. நீங்கள் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, உங்கள் இரகசியம் என்னாவது என்று அவளிடம் மெல்ல முறையிட்டார். நோயாளியே தன் இரகசியத்தைச் சொன்னால் என்ன செய்வது என்று ஒன்பது விதிகளில் எதிலும் இல்லை. செயலாளரோடு குசுகுசுத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், கேட்டதைக் கேட்கவில்லை என்று ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நாற்பத்தொன்பது படிவங்கள் அச்சாகி வரும்வரை யாரும் எழக்கூடாது.

எவலின் எழுந்துவிட்டார். பாடகர் குழுவில் நாற்பது வருஷம் பழகிய குரலுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"டாக்டர், பாரம் எல்லாம் அப்புறம் குடுங்க, எத்தன வேணும்னாலும் போட்டுத் தரோம். மொதல்ல சாவியக் குடுங்க."

டத்தோ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் உர்சுலா வந்து கையை நீட்டினார்.

திரும்பும்போது வேனில் தங்கமணி மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்திருந்தாள். ஷா ஆலம் தாண்டியதும் எவலின்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"அன்னைக்கு டி.பி.ன்னு வந்துச்சே, அது நீயா?"

"எங்கப்பா பேரு பாலகிருஷ்ணன் கா."

எவலினுக்கு லிஃப்டைப் பற்றி எழுதிய வரி ஞாபகம் வந்திருக்க வேண்டும்; காது சிவந்துபோனது.

"ஒம்போது வருஷமா எதுத்த வீடு. நான் உனக்கு என்ன பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லாம இருந்த?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. பண்ணிடுவீங்களோன்னுதான்."

எவலின் வேனை ஓரமாக நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றி மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு ஓட்டினார். வீடு வந்து சேர்ந்ததும், சங்கத்தின் குழுவில் இருந்த அந்த அறிவிப்பை நீக்கிவிட்டு, தவறான தகவல், செயலாளர் மன்னிப்புக் கேட்கிறார் என்று ஒரே வரி போட்டார். யாரும் விளக்கம் கேட்கவில்லை. எவலினிடம் விளக்கம் கேட்கும் தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.

பணிக்குழு தன் பதினைந்தாம் கூட்டத்தில் இந்தச் சம்பவத்தை விரிவாக ஆராய்ந்தது. நோயாளியாக வராத ஒருவர் நோயாளிக்கான மருந்தைப் பெற்றுச் சென்றிருப்பதால், இது வருகையில்லா நேரடி விநியோகத்தின் முதல் வெற்றி என்று பதிவுசெய்யப்பட்டது. இதை மற்ற நோயாளிகளுக்கும் விரிவுபடுத்தலாமே என்று ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் தைக்கத் தெரியுமா என்று இன்னொருவர் ஐயம் எழுப்பினார். தையல் இயந்திரங்களின் கொள்முதலைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அது இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கலாம்.

சிஸ்டர் உர்சுலா அதற்குக் காத்திருக்கவில்லை. மீதிப் பத்துப் பெட்டிகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டார். நான் உர்சுலா, கிளினிக்கிலிருந்து பேசுகிறேன், மருந்து இருக்கிறதா என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று விதிகள் உடைந்தன. ஒருவர்கூடப் போனை வைக்கவில்லை. எவலினின் தேவாலயம் சனிக்கிழமைதோறும் வேலையிழந்த குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தது. அனுமதியும் வேனும் இருந்தன. அரிசிப் பையோடு பையாக மருந்தும் வந்தால் சம்மதமா, கொண்டு வருகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும், அது பரவாயில்லையா என்று சிஸ்டர் ஒவ்வொருவரையும் கேட்டார். எட்டுப் பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, மாலையே திரும்ப அழைத்துச் சரி என்றார்கள்.

கொண்டுபோய்க் கொடுக்க யார் என்ற கேள்வி வந்தபோது, தையல் வேலை சனிக்கிழமை இல்லை என்றாள் தங்கமணி.

அந்தச் சனிக்கிழமை கடைசி வீடு போர்ட் கிள்ளானில். கண்டெய்னர் லோரி ஓட்டும் செபாஸ்டியன் என்பவர், துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். எவலின் கீழே வேனில் இருந்துகொண்டார். தங்கமணி அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிக் கம்பிக்கதவைத் தட்டினாள். உள்ளே வெகுநேரம் அரவமில்லை. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு மனிதர், சவரம் செய்யாத முகத்தில் கவசத்தை இழுத்து மாட்டியபடி, பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இரண்டு பக்கமும் நடைபாதையைப் பார்த்தார். போனில் சரி என்று சொன்னவர்தான். நேரில் ஆள் வந்து நின்றதும் சரி என்று சொன்னது தவறோ என்று தோன்றிவிட்டது போலும்.

எந்த ஆபீஸ், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

"ஆபீஸ் எல்லாம் இல்லண்ணே," என்றாள் தங்கமணி. "கிள்ளான்ல ரவிக்க தைக்கிறேன். நானும் இதே மாத்திரதான் சாப்பிடறேன்."

அவர் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கீழே துறைமுகத்துப் பக்கம் ஒரு லோரி பின்னால் நகரும் எச்சரிக்கை மணி விட்டு விட்டு அடித்து ஓய்ந்தது. செபாஸ்டியன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, பூட்டைத் திறந்து, நடைபாதையில் ஒரு மீட்டர் தள்ளிப் போட்டார். தனக்கு வாசல்படியே போதும் என்று அதில் உட்கார்ந்துகொண்டார்.

"உக்காருங்க," என்றார். "இதப் பத்தி நான் யார்கிட்டயும் பேசினதே இல்ல."

தங்கமணி உட்கார்ந்தாள்.